பாட்டுக்குப் படியளக்கறது யாரு?

பாப் மியூசிக் என்றாலே மைக்கேல் ஜாக்சன், மடோனா, அப்புறம் கல்ச்சுரல்ஸ் மேடையில் கிட்டாரோடு வந்து இங்கிலீஷில் பாடிவிட்டுப் போகிற நாலு பசங்க. சினிமாப் பாட்டு வேற, கோயில் நோம்பிக்குப் பாடுகிற பாட்டு வேற. இப்படி மூன்று டப்பாவில் போட்டு மூடி வைப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். ஆனால் பாப் என்பது பாபுலர் என்கிற வார்த்தையின் வாலை வெட்டியது, அவ்வளவுதான். நிறையப் பேருக்குப் பிடித்து, நிறையப் பேருக்கு விற்கிற பாட்டு. அந்த 'விற்கிற' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். விவகாரமே அங்கேதான் இருக்கிறது.

கொங்குப் பக்கம் அண்ணன்மார் கதை என்று ஒன்று உண்டு. பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை, வளநாட்டுச் சண்டை. உடுக்கை அடித்துப் பாடினால் ஒரு ராத்திரியில் முடியாது, பல ராத்திரி போகும். 1965ல் பிரெண்டா பெக் என்கிற மானிடவியல் ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் உட்கார்ந்து முழுக்கதையையும் டேப்பில் பதிவு செய்தார். அந்தப் பாட்டுக்கு நீளம் என்று எதுவும் கிடையாது. கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிட்டால் கதை நிற்கும், சாமி மலையேறின பிறகு திரும்ப ஓடும். ஊரே கேட்கும், ஆனால் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. பாட்டுக்காரருக்கு ஊர்ப்பொதுவில் இருந்து நெல்லோ பணமோ வேட்டியோ கிடைக்கும்.

இதை மாற்றியது ஒரு தட்டு. எமில் பெர்லினர் 1887ல் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். 1902ல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். பத்து அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். பல்லவி, சரணம், சரணம், முடிந்தது, தட்டைத் திருப்பு. இன்றைக்கும் பாப் பாட்டு மூன்று நாலு நிமிஷத்தைத் தாண்டாமல் இருப்பதற்கு ரசிகனின் பொறுமை மட்டும் காரணமில்லை, அந்தத் தட்டின் அகலமும் காரணம். பாட்டு முதல் தடவையாக ஒரு சரக்கு ஆனது. அளவு உண்டு, விலை உண்டு, கடை உண்டு.

அந்தக் கடையில் கொங்கு நாட்டுச் சரக்கும் இருந்தது. ஈரோட்டில் இருந்து கரூர் போகிற ரயில் கொடுமுடியில் நிற்கும். அந்த ஊரில் 1908ல் பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். சின்ன வயதில் ரயிலில் பாடிக்கொண்டிருந்தவரை எஃப்.ஜி.நடேச ஐயர் கேட்டு நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்று சொல்வார்கள். இலங்கைக்கு நாடகம் போடப் போன இடத்தில்தான் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு பழக்கம். நாடக மேடையில் பிரபலமான பாட்டு தட்டாக வரும், தட்டைக் கேட்டவர்கள் நாடகம் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒன்று இன்னொன்றை விற்றுக் கொடுத்தது. 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது இன்றைக்கும் ஆச்சரியமாகப் பேசப்படுகிற சேதி. சினிமா அவரைப் பிரபலமாக்கவில்லை. ஏற்கனவே பிரபலமாக இருந்தவரைச் சினிமா விலை கொடுத்து வாங்கியது. பாப் ஸ்டார் என்றால் வேறென்னங்க அர்த்தம்?

1931ல் 'காளிதாஸ்' பேசியதும், இல்லை, பாடியதும், கணக்கே மாறிப்போனது. ஒரு பாட்டைப் பதிவு செய்ய வாத்தியக்காரர், பாட்டெழுதுகிறவர், ஸ்டூடியோ, மைக் எல்லாவற்றுக்கும் யாராவது முதல் போட வேண்டும். சினிமாத் தயாரிப்பாளர் படத்தின் செலவோடு சேர்த்து அதைப் போட்டுவிடுவார். டிக்கெட் காசில் அது திரும்பி வந்துவிடும். தட்டு விற்கிற காசு மேல் வரும்படி. தனியாகப் பாட்டு மட்டும் போடுகிறவனுக்கு அந்த டிக்கெட் காசு இல்லை. அவன் எப்படிப் போட்டி போடுவான்? தமிழில் பாப் என்றால் சினிமாப் பாட்டு என்று ஆனதற்குக் கலாச்சாரக் காரணம் ஆயிரம் சொல்லலாம். காஸ்ட் ஷீட்டைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

இதில் கோயமுத்தூருக்குப் பெரிய பங்கு இருந்தது என்பது இப்போது பலருக்கும் மறந்துவிட்டது. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் 1905ல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய தியேட்டரின் பெயர்தான் வெரைட்டி ஹால் ரோடு என்று இன்னமும் பஸ் கண்டக்டர் வாயில் இருக்கிறது. 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. அதே காலத்தில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். தியாகராஜ பாகவதரின் 'சிவகவி' (1943), மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944), இரண்டும் சிங்காநல்லூரில் எடுத்தவை. தமிழ்நாடே முணுமுணுத்த பாட்டெல்லாம் திருச்சி ரோட்டோரம் படமாகிக்கொண்டிருந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் எடுபிடி வேலைக்கு இருந்து மெட்டுப் போடப் பழகிய பையன்தான் பிற்காலத்து எம்.எஸ்.விஸ்வநாதன். 1954ல் 'மலைக்கள்ளன்' வரை பட்சிராஜாவில் ஜோராக நடந்தது. அப்புறம் கம்பெனி, நடிகர், வாத்தியக்காரர் எல்லாம் மெட்ராஸ் பக்கம் போய்ச் சேர, கோயமுத்தூர் பாட்டைக் கேட்கிற ஊராக மட்டும் மிஞ்சியது. பஞ்சாலை, பம்ப் செட், பனியன் என்று அதற்கு வேறு பிழைப்பு இருந்தது, பெரிதாக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

இனிமேல் கவனியுங்கள், ஒரு வேடிக்கை இருக்கிறது. சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாப் என்று உருப்படியாக எழுந்தபோதெல்லாம் அது சென்னையில் இருந்து கிளம்பவில்லை. கோடம்பாக்கத்துக் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் முளைத்தது.

முதலில் கொழும்பு. 1952 வாக்கில் மத்திய மந்திரி பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்துவிட்டார், தரம் போதாதென்று. ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். 1957ல் விவித பாரதி ஆரம்பித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா குரல்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை கோயமுத்தூர் வீடுகளில் இப்போதும் இருக்கிறது, கொஞ்சம் கிளறிவிட்டால் போதும், மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த இலங்கையில் போர்ச்சுக்கீசியர் காலத்து மிச்சமாக பைலா என்றொரு துள்ளல் தாளம் உண்டு. கிட்டார், பொங்கோ, கல்யாண வீட்டுக் கும்மாளம். அதில் தமிழைப் போட்டுப் பாடியதுதான் பொப்பிசை. அவர்கள் பாப் என்று எழுதுவதில்லை, பொப் என்றுதான் எழுதுவார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.இ.மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் இந்த வகை. கதாநாயகன் இல்லை, கதை இல்லை, மரத்தைச் சுற்றுகிற டூயட் இல்லை. பாட்டு மட்டும்தான். அங்கே அது முடிந்ததற்குக் காரணம், பாட்டை எல்லாம் விழுங்குகிற அளவுக்குப் பெரிய தமிழ்ச் சினிமா அங்கே இல்லை.

சரி, அது அப்படியே தமிழ்நாட்டுக்கு வந்ததா என்றால், வந்தது, சினிமா வழியாக. 1977ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் சுராங்கனி ஒலித்தது. பாடியவர் மலேசியா வாசுதேவன். (இலங்கைப் பாட்டு, மலேசியாக் குரல், கோடம்பாக்கத்து முத்திரை. ஏற்றுமதி இறக்குமதி பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.) மனோகரனும் சென்னைக்கு வந்து படங்களில் நடித்தார், பலமுறை வில்லன் கூட்டத்தில் ஒருவராக. 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். ஒரு பாட்டால் கண்டம் தாண்டிப் பேர் வாங்கியவருக்கு இங்கே கிடைத்த இடம் அதுதான்.

நடுவில் வடக்கே நாஜியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' (1981), அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' (1995) என்று இண்டிபாப் ஒரு சுற்று சுற்றி வந்தது. தமிழில் அந்த அலை ஏ.ஆர்.ரகுமானின் 'வந்தே மாதரம்' (1997) மாதிரி ஒன்றிரண்டோடு சரி. ராப் கூட முதலில் 'காதலன்' படத்துக்குள் (1994) பேட்டை ராப்பாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. அதற்கு ஒரு பிரபுதேவா ஆட வேண்டியிருந்தது.

அடுத்தது மலேசியா. யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் 2006. அதில் 'மடை திறந்து', 1980ல் வந்த 'நிழல்கள்' படப் பாட்டின் மேல் கட்டியது. ஹாஸ்டல் ரூம்களில் ப்ளூடூத் வழியாகப் பரவிய பாட்டு, யாரும் கடைக்குப் போய் வாங்கவில்லை. தமிழில் வேகமாக, எதுகை மோனை தட்டாமல், வெட்கப்படாமல் ராப் பண்ண முடியும் என்று அதைக் கேட்டுத்தான் பல பேருக்குத் தெரிந்தது. 2007லேயே 'பொல்லாதவன்' படத்தில் ஒரு ரீமிக்ஸில் யோகி பி குரல் வந்துவிட்டது. சினிமாவுக்கு இந்த முறை ஒரு வருஷம்தான் பிடித்தது.

மூன்றாவது, ஸ்டூடியோ எல்லாம் போன பிறகான கோயமுத்தூர். ஆதி என்கிற ரகுபதி, 1990ல் இங்கே பிறந்தவர், ஜீவாவோடு சேர்ந்து ஹிப்ஹாப் தமிழா என்று பெயர் வைத்துக்கொண்டவர். 'கிளப்புல மப்புல' 2011ல் யூடியூபில் பரவியது. பெரிய செட் இல்லை, ஹீரோயின் இல்லை, மைக் முன்னால் நின்று பாடுகிற ஒரு பையன். அதே வருஷம் நவம்பரில் 'கொலவெறி' வந்து உலகத்தையே ஒரு சுற்று சுற்றியது என்றாலும் அது '3' படத்தின் பாட்டு, பின்னால் ஒரு கம்பெனி இருந்தது. இதற்குப் பின்னால் யாரும் இல்லை. கோயமுத்தூர் காலேஜ் பையன்களுக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. சென்னைக்குப் போய் வாய்ப்புக் கேட்டு நிற்காமல் ஊரிலிருந்தே ஒரு பாட்டு போகலாம் என்பது.

அந்தப் பாட்டின் சங்கதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளப்புக்குப் போகிற பெண்களைப் பார்த்து நொந்துகொள்கிற பாட்டு அது. பையன்கள் குடிப்பதைப் பற்றித் தமிழ் சினிமா எத்தனையோ பாட்டுப் பாடிக் கொண்டாடியிருக்க, பெண் கையில் கிளாஸைப் பார்த்ததும் மட்டும் கலாச்சாரம் ஞாபகம் வருவது என்ன நியாயம் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. கேள்வி சரிதான். ஊரை எதிர்த்துப் பாடுவதற்காக அமெரிக்காவில் பிறந்த ஹிப்ஹாப், இங்கே வந்ததும் ஊர்ப் பெரியவர் குரலில் பேச ஆரம்பித்தது. விற்கிற பாட்டு கூட்டத்துக்குப் பிடித்ததைத்தானே சொல்லும் என்று விட்டுவிடலாம். ஆனால் யாருடைய முதலும் இல்லாத பாட்டுக்காவது அந்தக் கட்டாயம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் 2012. 2013ல் 'எதிர்நீச்சல்' படத்தின் டைட்டில் பாட்டில் அவர் குரல். 2015 பொங்கலுக்கு 'ஆம்பள' மூலம் இசையமைப்பாளர், அதே வருஷம் 'தனி ஒருவன்'. 2017ல் 'மீசைய முறுக்கு' படத்தில் டைரக்டர், ஹீரோ எல்லாம் அவரே, கதையும் அவர் கதையே. நடுவில் 2017 ஜனவரி. 'டக்கரு டக்கரு' பாட்டு ஜல்லிக்கட்டுப் போராட்டக் கூட்டங்களில் ஒலித்துக்கொண்டிருந்தபோது, போராட்டம் திசை மாறுகிறது என்று சொல்லி ஆதி விலகிக்கொண்டார். அதுவரை தோளில் தூக்கியவர்களில் பல பேர் திட்டித் தீர்த்தார்கள். சினிமாவுக்குப் போய்விட்டதால்தான் இப்படி என்றார்கள் சிலர். அது உண்மையோ இல்லையோ, அந்தச் சந்தேகம் வந்ததே முக்கியம். தனிப் பாட்டுக்காரனிடம் கேட்காத கேள்வியைச் சினிமாக்காரனிடம் கேட்பார்கள்.

இதற்குமேல் ஒன்று. அவர் 2023ல் பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சித் தலைப்பு இசைத் தொழில்முனைவு. சினிமாவுக்கு வெளியே இசையை வைத்துப் பிழைப்பது எப்படி என்பதைச் சினிமாவில் ஜெயித்த ஒருவர் மருதமலை அடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே அந்தக் கேள்விக்கு ஒரு டாக்டர் பட்டம் அளவுக்கு வேலை இருக்கிறது.

ஏனென்றால் கொழும்பு, கோலாலம்பூர், கோயமுத்தூர் மூன்றிலும் நடந்தது ஒன்றேதான். வெளியே இருந்து ஒரு பாட்டு வரும், பிடிக்கும், சினிமா கூப்பிடும், போய்விடும். தனிப் பாட்டு என்பது கோடம்பாக்கத்துக்கு நீட்டுகிற விசிட்டிங் கார்டு மாதிரி ஆகிவிட்டது. 2024லும் அதே கதைதான். சாய் அபயங்கரின் 'கட்சி சேர', 'ஆச கூட' இரண்டும் தனிப் பாட்டுகள், ஊரெல்லாம் ரீல்ஸ். 2025 தீபாவளிக்கு 'டியூட்' படத்தின் இசையமைப்பாளராக அவர் பெயர் திரையில் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் கொடுக்கிற இடத்துக்குப் போவது தப்பா என்ன? போகாமல் இருக்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

பார்க்கலாம். 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன், மாஜா என்கிற தளம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்தத் திரும்பி வந்த கதை கொங்குக்கு ரொம்பப் பக்கம். 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்காகத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களே ஆரம்பித்தார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் அந்தக் குடும்பங்கள் இன்றும் உண்டு. நிலம் இல்லாதவர் பாட்டு ஒன்று, சினிமா இல்லாமல், கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. இதுதாண்டா விடுதலை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை, பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த வருஷம் செஸ் ஒலிம்பியாட் விழா மேடையிலும் பாட்டு வந்தது, அறிவு வரவில்லை, யார் எழுதியது யார் மெட்டு என்று அறிக்கைகள் பறந்தன. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வந்து சேரவில்லை என்று வீடியோ போட்டுச் சொன்னார். சினிமாவில் குறைந்தபட்சம் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருப்பார், வாசலில் போய் நின்றாவது கேட்கலாம். வெளியே வந்த பாட்டுக்கு அந்த வாசலே எது என்று தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி உரிமையை ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். பாடுகிறவருக்கும் பங்கு உண்டு என்று சேர்த்தார்கள். ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியிட்டதில் இருந்து 60 வருஷம். அதன்படி பார்த்தால் சுந்தராம்பாளின் பழைய தட்டுகளின் பதிவுரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதை இன்று யார் வேண்டுமானாலும் ஏற்றி, நடுவில் விளம்பரம் ஓட விடலாம். கணக்கு வழக்குக் காட்ட வேண்டிய ஆள்தான் எங்கேயோ அயல்நாட்டு சர்வரில் இருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் கொங்குப் பக்கம் இன்னொரு பாட்டு சத்தமில்லாமல், இல்லை, நல்ல சத்தத்தோடுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. வள்ளி கும்மி. வள்ளி முருகன் கல்யாணக் கதையைப் பாடி ஆடுவது. அழிந்துவிடும் என்று நினைத்ததை மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் மாதிரி வாத்தியார்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் மட்டும் ஆடியதில் பெண்களையும் சேர்த்துப் பழக்கினார், 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது பெருந்துறை, பல்லடம், அவிநாசி எந்தப் பக்கம் திருவிழாவுக்குப் போனாலும் ஒரே நிறச் சேலை கட்டிய நூற்றுக்கணக்கான பெண்கள், சலங்கை, ஆம்ப்ளிஃபையர், டிரோன் கேமரா. டிக்கெட் கிடையாது, ஹீரோ கிடையாது, சென்னையில் யாருக்கும் தெரியவும் தெரியாது. ஜனங்களுக்குப் பிடித்த பாட்டு என்பதுதான் பாப் என்றால் இந்த ஊரில் இப்போதைக்கு அதுதான் பாப்.

வீடியோவும் வருகிறது. குக்கர் விளம்பரம் ஓடி முடிந்ததும் கும்மி ஆரம்பிக்கும். மரபுப் பாட்டுக்குச் சட்டப்படி உரிமையாளர் யாரும் இல்லை, பதிவு செய்து ஏற்றியவருக்குத்தான் உரிமை. எத்தனையோ வீடியோக்களின் கீழே ஊர்ப் பேர் இருக்கிறது, சவுண்ட் சர்வீஸ் பேர் இருக்கிறது, சாமியானாப் பந்தல்காரர் செல் நம்பர்கூட இருக்கிறது. பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பேரைத் தேடினால்தான் கிடைப்பதில்லை.